ஹெர்2 ‘இரண்டு பிளஸ்’, சிஇஏ நார்மல்: இரைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இது: “அப்பாவுக்கு 64 வயது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் கட்டி. பயாப்சியில் அடினோகார்சினோமா, இன்டெஸ்டைனல் டைப் என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளிகள். ரிப்போர்ட்டில் ஹெர்2 2+, பிடி-எல்1 சிபிஎஸ் 3, எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் உள்ளன, கிளாடின் 18.2 பாசிடிவ் என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் சிஇஏ நார்மல். அப்படியானால் கல்லீரலில் இருப்பது புற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தப் புரதங்களெல்லாம் எதற்கு? பிள்ளைகள் நாங்களும் சிஇஏ பார்த்துக்கொள்ள வேண்டுமா?”

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சிஇஏ நார்மல் என்பதை வைத்து கல்லீரல் புள்ளிகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஹெர்2 2+ என்பது இன்னும் முடியாத சோதனை. ‘ஃபிஷ்’ என்ற அடுத்த சோதனை வந்தால்தான் அது ஆமா, இல்லையா என்று தெரியும். நாளைக்கு டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஃபிஷ்ஷுக்கு அனுப்பியாச்சா?” என்பதுதான். அப்பாவுக்கு என்ன மருந்து என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் துறையில் இருப்பவன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ஆன்காலஜிஸ்ட். அவரிடம் போவதற்கு முன் ரிப்போர்ட் உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் இந்தப் பதிலின் நோக்கம்.

‘டியூமர் மார்க்கர்’ என்று நம் ஊரில் சொன்னாலே ரத்தப் பரிசோதனைதான் நினைவுக்கு வருகிறது. சிஇஏ, சிஏ 19-9, சிஏ 72-4 மூன்றும் கட்டியிலிருந்து கசிந்து ரத்தத்தில் தெரியக்கூடிய பொருட்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஹெர்2, பிடி-எல்1, எம்எம்ஆர், கிளாடின் வேறு வகை. இவை பயாப்சித் துண்டில், செல்லிலேயே இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பவை. இரைப்பைப் புற்றில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது வகைதான். குடும்பங்கள் பதறுவதும் மாதாமாதம் காசு செலவழிப்பதும் முதல் வகைக்காக. என் பார்வையில் கவனம் தலைகீழாக இருக்கிறது.

ஹெர்2-வில் தொடங்குவோம். இது செல்லின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம். ‘வளர், பிரி’ என்ற கட்டளையை உள்ளே கடத்துவது. இதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சாதாரண செல்லில் இரண்டு பிரதிகள். சில புற்றுகளில் அது பத்து, இருபது என்று பெருகி, புரதம் செல்லைச் சுற்றி அடர்த்தியாக நிற்கிறது. மார்பகப் புற்றில் இது பிரபலம். இரைப்பைப் புற்றில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் பாசிடிவ். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்துக் கட்டிகளில் அதிகம். அப்பாவுக்கு இருக்கும், செல்கள் சுரப்பி வடிவில் வளரும் இன்டெஸ்டைனல் வகையில் அதிகம். செல்கள் சிதறிப் பரவும் டிஃப்யூஸ் வகையில் மிகக் குறைவு.

எப்படிப் பார்க்கிறோம் என்றால், மெழுகில் பதித்த துண்டை மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி, ஹெர்2-வோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றி, ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும்படி செய்வோம். மார்பகத்தில் செல்லின் சுற்றளவு முழுக்கப் பழுப்புக் கோடு வர வேண்டும் என்பது விதி. இரைப்பையில் அந்த விதி செல்லாது. இங்கே செல்கள் சுரப்பியின் குழியைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. குழியைப் பார்க்கும் பக்கத்தில் சாயம் ஏறாது, அடியிலும் இரு பக்கங்களிலும் மட்டும் ஏறும். மூன்று பக்கம் கோடு, மேலே திறந்தபடி, ‘ப’வைப் போல. மார்பக விதியை அப்படியே இங்கே போட்டால் இந்த ‘ப’க்களெல்லாம் நெகடிவ் ஆகிவிடும். அதனால்தான் இரைப்பைக்குத் தனி மதிப்பெண் முறை வந்தது.

அந்த மதிப்பெண்ணுக்குள் எளிமையான ஒரு வழி இருக்கிறது. மிகக் குறைந்த உருப்பெருக்கத்திலேயே, ஸ்லைடை வைத்த உடனே, கோடு பளிச்சென்று தெரிந்தால் 3+. பத்து அல்லது இருபது மடங்கு லென்சுக்குப் போனால்தான் தெரிகிறது என்றால் 2+. நாற்பது மடங்கில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லேசாக இருக்கிறதோ என்று தோன்றினால் 1+. பயாப்சியில் சதவீதக் கணக்கே கிடையாது. அப்படிச் சாயம் ஏறிய ஐந்து செல்கள் ஒரு கொத்தாக இருந்தால் போதும். அறுவையில் எடுத்த முழு இரைப்பை என்றால் 10 சதவீத செல்கள் வேண்டும்.

3+ பாசிடிவ். 0, 1+ நெகடிவ். 2+ மட்டும் நடுவில் நிற்கிறது. அதற்குத்தான் ஃபிஷ். அதில் புரதத்தை விட்டுவிட்டு மரபணுவையே ஒளிரும் புள்ளிகளாக எண்ணுகிறோம். ஹெர்2 மரபணு ஒரு நிறம், 17ஆம் குரோமோசோமின் மையப்பகுதி இன்னொரு நிறம். முதலாவது இரண்டாவதைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் பாசிடிவ். 2+ என்று எழுதி ஃபிஷ் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட் என்பது என் கருத்து.

“அப்போ நேரே மரபணுவையே எண்ணிவிடலாமே?” என்று கேட்பீர்கள். 2010-இல் வெளிவந்த டோகா ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. 24 நாடுகளில் நடந்தது, 594 நோயாளிகள். ஒரு பிரிவுக்குக் கீமோ மட்டும், இன்னொன்றுக்குக் கீமோவோடு, ஹெர்2-வைப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்தான டிராஸ்டுசுமாப். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, புரதம் உண்மையிலேயே நிறைய இருந்தவர்களுக்கு, அதாவது 3+ அல்லது 2+ உடன் ஃபிஷ் பாசிடிவ் ஆனவர்களுக்கு, 11.8-லிருந்து 16 மாதம். மரபணு பெருகியிருந்தும் சாயத்தில் 0 அல்லது 1+ என்று இருந்தவர்களுக்குப் பெரிய பயன் தெரியவில்லை. மருந்து போய் ஒட்டுவது புரதத்தில். புரதம் வெளியே இல்லையென்றால் ஒட்ட இடமில்லை. அதனால்தான் முதலில் சாயம், சந்தேகம் வந்தால் மட்டும் ஃபிஷ் என்ற வரிசை.

நான்கு மாதம் என்பது கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றலாம். அது நடுவில் நிற்கும் எண். சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை, சிலர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். செலவு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: டிராஸ்டுசுமாபின் பயோசிமிலர்கள், அதாவது வேறு நிறுவனங்கள் செய்யும் அதே மாதிரியான மருந்துகள், 2014 முதலே இந்தியாவில் கிடைக்கின்றன, அசல் பிராண்டைவிட விலை குறைவு. தொடங்குமுன் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள், இடையிடையேயும் எடுப்பார்கள். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ஹெர்2 இருக்கிறது, எனவே மார்பகத்தில் வேலை செய்த எல்லா மருந்தும் இங்கேயும் வேலை செய்யும் என்று நினைத்தார்கள். நடக்கவில்லை. லபாட்டினிப் கைவிட்டது. டிடிஎம்1 சாதாரண டாக்ஸேன் கீமோவைத் தாண்டவில்லை. பெர்டுசுமாபைச் சேர்த்துப் பார்த்த ஜேக்கப் ஆய்வும் ஆயுள் கணக்கில் இலக்கைத் தொடவில்லை. இதற்குப் பெரிய காரணமாகச் சொல்லப்படுவது இரைப்பைக் கட்டியின் குணம்: ஒரே கட்டியில் ஒரு மூலை அடர் பழுப்பு, பக்கத்து மூலை ஒன்றுமில்லாமல் வெள்ளை. இதை ஸ்லைடில் பார்க்கும்போது இரண்டு வேறு ஆட்களின் திசுவை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஹெர்2 உள்ள பகுதியைக் கொன்றாலும் இல்லாத பகுதி வளர்கிறது.

டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் வந்த பிறகுதான் கதை மாறியது. இது ஆன்டிபாடியோடு கீமோ மருந்தைக் கட்டி அனுப்புவது. செல்லுக்குள் போய் அவிழும் அந்த மருந்து, செல் சவ்வைக் கடந்து பக்கத்து செல்லையும் தாக்கும். அந்த செல்லில் ஹெர்2 இல்லாவிட்டாலும் சரி. ஜப்பான், தென்கொரியாவில் 187 நோயாளிகளிடம் நடந்த டெஸ்டினி-கேஸ்ட்ரிக்01 ஆய்வு 2020-இல் வெளிவந்தது. எல்லோரும் ஏற்கெனவே டிராஸ்டுசுமாப் எடுத்து நோய் மீண்டும் வளர்ந்தவர்கள். கட்டி சுருங்கியவர்கள் 51 சதவீதம். வழக்கமான கீமோவில் 14. ஆயுள் 8.4-லிருந்து 12.5 மாதம். பயப்பட வேண்டியது நுரையீரல் அழற்சி. அந்த ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வந்தது. இந்த மருந்தில் இருப்பவருக்குப் புதிதாக வறட்டு இருமல் வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது.

முதல் மருந்து தோற்ற பிறகு, பழைய ரிப்போர்ட்டை வைத்தே இரண்டாவதைத் தொடங்குவது சரியல்ல. டிராஸ்டுசுமாப் எடுத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஹெர்2 காணாமலே போய்விடுகிறது. இருந்த செல்கள் செத்து, இல்லாதவை மிஞ்சுகின்றன. அந்த நேரத்தில் மறுபடி பயாப்சி கேட்டால் “திரும்பவும் குத்தணுமா?” என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது கிளாடின் 18.2. நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். கிளாடின்கள் பக்கத்து பக்கத்து செல்களை இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பிடிக்கும் புரதங்கள், செங்கல்லுக்கு இடையே பூசிய சிமென்ட் போல. 18.2 என்ற வகை சாதாரண உடம்பில் இரைப்பையின் உள்தோலில் மட்டும்தான் குறிப்பிடும்படி இருக்கிறது. அங்கே இறுக்கத்துக்குள் புதைந்து கிடப்பதால் வெளியிலிருந்து வரும் ஆன்டிபாடிக்குச் சுலபமாக எட்டாது. புற்றானதும் செல்களின் ஒழுங்கு குலைந்து அது வெளியே தெரிகிறது. சோல்பெடுக்சிமாப் என்ற ஆன்டிபாடி அதைப் பிடிக்கிறது. பாசிடிவ் என்று சொல்ல 75 சதவீதத்துக்கும் குறையாத புற்றுச் செல்களில் மிதமான அல்லது அழுத்தமான சாயம் வேண்டும். ஆய்வுக்காகச் சோதித்தவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் இதில் தேறினார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் பாசிடிவ் என்று மட்டும் இருந்தால், எத்தனை சதவீதம், எவ்வளவு அழுத்தம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஸ்பாட்லைட் ஆய்வில் கீமோவோடு இதைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 15.5-லிருந்து 18.2 மாதமானது. 2024 மார்ச்சில் ஜப்பானும் அக்டோபரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. தொந்தரவு என்னவென்றால் வாந்தி. மருந்து நல்ல இரைப்பையின் தோலையும் கொஞ்சம் பிடித்துவிடுகிறது. முதல் டோஸின்போதே குமட்டல் வாட்டும், சொட்டு வேகத்தைக் குறைத்துத்தான் ஏற்றுவார்கள். இரைப்பையை முன்பே அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த வாந்தி குறைவு என்பது மருந்து எங்கே ஒட்டுகிறது என்பதற்கு நல்ல சாட்சி.

அப்பாவின் ரிப்போர்ட்டில் ஃபிஷ்ஷை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது இங்கேதான் வருகிறது. சோல்பெடுக்சிமாப் ஹெர்2 நெகடிவ் ஆனவர்களுக்குத்தான். ஃபிஷ் பாசிடிவ் என்றால் பாதை டிராஸ்டுசுமாப். அது நெகடிவ் என்றால்தான் கிளாடின் முன்வரிசைக்கு வருகிறது. ஃபிஷ் முடிவு வரும்வரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டும் என்றில்லை. பல மருத்துவர்கள் முதல் சுழற்சியைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் இரண்டாவதில் உரிய மருந்தைச் சேர்ப்பார்கள்.

பிடி-எல்1 நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்டது. புற்றைத் தாக்க வரும் டி செல்லுக்கு ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் புரதம். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தத் தடையை எடுக்கின்றன; இதைத்தான் இம்யூனோதெரபி என்கிறார்கள். சிபிஎஸ் என்பது கூட்டு மதிப்பெண்: சாயம் ஏறிய புற்றுச் செல்கள், நோய் எதிர்ப்பு செல்களான லிம்ஃபோசைட்கள், மேக்ரோஃபேஜ்கள் மூன்றையும் கூட்டி, மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து, நூறால் பெருக்குவது. குறைந்தது 100 புற்றுச் செல்களாவது ஸ்லைடில் வேண்டும். உண்மையைச் சொன்னால், நான்கு சோதனைகளில் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது இதுதான். சிபிஎஸ் 40-ஐ யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் 3-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் ஓரத்தில் நிற்கும் ஒரு சில மேக்ரோஃபேஜ்களை எண்ணுவதா விடுவதா என்பதில் இருக்கலாம்.

2021-இல் வந்த செக்மேட்-649 ஆய்வில் ஹெர்2 நெகடிவ் நோயாளிகளில், சிபிஎஸ் 5-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிவோலுமாப் சேர்த்ததால் ஆயுள் 11.1-லிருந்து 14.4 மாதமானது. எண் குறையக் குறையப் பயனும் குறைகிறது. 1-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இது தேவைதானா என்ற கேள்வி 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு முன் வந்தபோது, பெரும்பான்மையினர் சாதகமாக வாக்களிக்கவில்லை. ஹெர்2 பாசிடிவ் ஆனவர்களுக்கும் இந்த எண் வேண்டும்: கீநோட்-811 ஆய்வில் டிராஸ்டுசுமாபோடு பெம்ப்ரோலிசுமாபைச் சேர்த்ததன் பலன் சிபிஎஸ் 1-ம் அதற்கு மேலும் உள்ளவர்களிடம்தான் தெரிந்தது. ஆக அப்பாவின் 3, ஃபிஷ் பாசிடிவ் ஆனால் ஓர் அர்த்தம், நெகடிவ் ஆனால் வேறோர் அர்த்தம். நெகடிவ் ஆனால் 3 என்பது ‘கொடுக்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்’ என்ற இடம். பக்கத்தில் கிளாடின் அழுத்தமாக இருந்தால் நானாக இருந்தால் அதை முதலில் பேசச் சொல்வேன்.

எம்எம்ஆரைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள்: எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6. நான்கும் இருந்தால் வழக்கமான நிலை. ஒன்று போனால்தான் செய்தி. பெரும்பாலும் ஜோடியாகப் போகும். ஸ்லைடில் புற்றுச் செல்களின் கரு வெளிறி நீலமாக இருக்க, இடையிடையே உள்ள லிம்ஃபோசைட்களின் கரு மட்டும் பழுப்பாக இருக்கும். அந்த லிம்ஃபோசைட்கள்தான் சாயம் சரியாக வேலை செய்தது என்பதற்குச் சான்று. அவையும் வெளிறியிருந்தால் சோதனையே செல்லாது. இந்தப் புரதங்கள் இல்லாத கட்டிகள் இம்யூனோதெரபிக்கு நன்றாக மசிகின்றன. அறுவைக்கு முன் நிவோலுமாபும் இபிலிமுமாபும் கொடுத்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், அறுவை செய்த 29 பேரில் 17 பேரின் இரைப்பையில் புற்று மிச்சமே இல்லை. அதே சமயம் அறுவையோடு கொடுக்கும் வழக்கமான கீமோவால் இவர்களுக்குப் பயன் தெரியவில்லை என்று பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வந்தது. அப்பாவுக்கு நான்கும் இருப்பதால் இந்தக் கதவு இல்லை.

இப்போது கல்லீரலும் சிஇஏவும். சிஇஏ கண்டுபிடிக்கப்பட்டது 1965-இல், அதுவும் பெருங்குடல் புற்றில். இரைப்பைப் புற்றில் எல்லா நிலைகளையும் சேர்த்தால் அது உயர்ந்திருப்பவர்கள் சிறுபான்மை. பரவிய நோயிலும் பலருக்கு நார்மலாகவே இருக்கும். மறுபக்கம், புகைபிடிப்பவருக்குப் புற்று இல்லாமலே கொஞ்சம் உயரும். சிஏ 19-9 மஞ்சள் காமாலையில் எகிறும். லூயிஸ் ரத்தவகை சார்ந்த ஒரு நொதி இல்லாத சிலருக்கோ எவ்வளவு நோய் இருந்தாலும் ஏறவே ஏறாது. கல்லீரல் புள்ளி என்ன என்று தெரிய எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், தேவைப்பட்டால் அங்கிருந்தே ஊசியில் ஒரு துண்டு. அப்படி எடுத்தால் அந்தத் துண்டிலும் ஹெர்2 பார்க்கச் சொல்லலாம். இரைப்பையில் இழுபறியாக இருந்தது அங்கே தெளிவாகலாம்.

ரத்த மார்க்கர்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. சிகிச்சை தொடங்குமுன் எந்த மார்க்கர் உயர்ந்திருந்ததோ அதைத் தொடர்ந்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஸ்கேனுக்குத் துணை. முதலிலேயே நார்மலாக இருந்ததை மாதாமாதம் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நடைமுறையில் இன்னொன்று. இந்தச் சோதனைகள் எல்லாம் மூக்குத்திக் கல் அளவு துண்டுகளை நம்பி நடக்கின்றன. எண்டோஸ்கோபியில் ஆறிலிருந்து எட்டுத் துண்டு எடுப்பது நல்லது. இரண்டே துண்டில் வந்த ஹெர்2 நெகடிவை நான் முழுசாக நம்ப மாட்டேன். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்து, நீண்ட விடுமுறை முடிந்து லேபுக்குப் போன துண்டில் சாயம் சரியாக ஏறாமல் போகலாம். மெழுகு பிளாக் உங்கள் சொத்து மாதிரி. வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் போதாது, பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, பிள்ளைகள். சிஇஏ பார்க்க வேண்டாம். ஆரம்பகட்ட இரைப்பைப் புற்றை அது பிடிக்காது, தேவையில்லாத பயத்தைத்தான் கொடுக்கும். குடும்பத்தில் இறங்கும் வகைகள் உண்டு. 1998-இல் நியூசிலாந்தின் ஒரு மாவோரி குடும்பத்தை ஆராய்ந்தபோது, செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதத்தின் மரபணுப் பிழை தலைமுறைகளாக இறங்கி வந்தது தெரிந்தது. அத்தகையவர்கள் நோய் வருமுன்னே இரைப்பையை எடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் அது டிஃப்யூஸ் வகை, இளவயதில், பலருக்கு வருவது. அப்பாவுடையது இன்டெஸ்டைனல் வகை, 64 வயதில். எம்எம்ஆர் நான்கும் இருப்பதால், அந்த மரபணுக்களின் பிழை குடும்பத்தில் இறங்கும் லிஞ்ச் நோய்க்கும் வாய்ப்புக் குறைவு. குடும்பத்தில் வேறு யாருக்கும் இரைப்பை, பெருங்குடல், மார்பகப் புற்று இருந்ததில்லை என்றால் மரபணுச் சோதனைக்கு அவசரமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஹெலிகோபாக்டர் பைலோரி சோதனை. 1994-இலேயே புற்று உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்க்கப்பட்ட கிருமி அது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரடி ரத்த உறவில் இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. நாற்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் ஒருமுறை எண்டோஸ்கோபி பற்றியும் கேட்டுவிடுங்கள். தென்கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அரசே பார்க்கிறது. கிருமிக்கு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். அதற்கு 2 வாரம் முன்பே பான்டோபிரசோல் மாதிரியான மாத்திரைகளையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.